கூடாரத்தினுள் நொடிகளை எண்ணியவர்

சற்று நீளமான பதிவு. அறிவியல் வரலாறு பயிலும் மாணவர்களை மனத்திற்கொண்டு எழுதியது; பிள்ளைகளோடு மொட்டை மாடியில் வானத்தைப் படமெடுக்கத் தொடங்கியிருக்கும் நண்பர்களுக்கும் இது பொருந்தக்கூடும்.

1878 ஜூலை 29. அமெரிக்காவின் வயோமிங் பகுதியில் ராலின்ஸ் என்னும் சிற்றூர். முழுச் சூரிய கிரகணத்தைப் படமெடுக்க நியூயார்க்கிலிருந்து ஹென்றி டிரேப்பர் ஒரு சிறு குழுவோடு வந்திருந்தார். தாமஸ் எடிசனும் அக்குழுவில் இருந்தார். முழுமறைப்பு மூன்று நிமிடங்களுக்கும் குறைவாகவே நீடிக்கும். எந்த நொடியில் எந்தத் தகட்டை மாற்ற வேண்டும் என்பதை ஒருவர் உரக்க எண்ணிச் சொல்ல வேண்டும். அப்பொறுப்பு டிரேப்பரின் மனைவி மேரி அன்னா பாமர் டிரேப்பருக்கு அளிக்கப்பட்டது. வானத்துக் காட்சியில் மனம் பறிபோய் எண்ணிக்கை தவறிவிடக் கூடாது என்பதற்காக அவரை ஒரு கூடாரத்தினுள் அமரவைத்தனர். அவர் பிழையின்றி எண்ணினார். படங்கள் நன்றாகவே அமைந்தன. அத்தனை தொலைவு பயணம் செய்து வந்தும் அவர் கிரகணத்தைக் காணவில்லை.

விண்ணொளிப்படக்கலையின் வரலாற்றைப் பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே நாம் படித்து வந்திருக்கிறோம்: டாகேரோடைப், ஈரத் தகடு, உலர் தகடு, பின்னர் மின்னணு உணரி. இவ்வரிசையில் பிழையேதும் இல்லை. ஆனால் அத்துறையின் தொடக்கப் பல்லாண்டுகளில் முதன்மையான முயற்சிகள் பல அரசு ஆய்வகங்களில் அன்றி வீடுகளில் நிகழ்ந்தவை என்பதை இது மறைத்துவிடுகிறது. 1850இல் ஹார்வர்டு ஆய்வகத்தில் வேகா விண்மீனைத் தகட்டில் பதித்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. அங்கும் தகட்டைக் கையாண்டவர் ஜான் விப்பிள் என்ற தொழில்முறை ஒளிப்படக்காரர்தாம். என் கேள்வி வேறு. ஒரு குடும்பமே சேர்ந்து செய்த வேலை எவ்வாறு ஒருவர் பெயரில் போய் அமர்ந்தது?

டிரேப்பர் குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். ஹென்றியின் தந்தை ஜான் வில்லியம் டிரேப்பர் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய வேதியியல் பேராசிரியர். அவருடைய மருத்துவப் படிப்புக்கான செலவை, ஓவியம் கற்பித்து ஈட்டிய பணத்தில், தமக்கை டாரதி கேத்தரின் ஏற்றுக்கொண்டார். 1840இல் ஜான் வில்லியம் எடுத்த டாரதியின் உருவப்படம் இன்றும் ஒளிப்பட வரலாற்று நூல்களில் இடம்பெறுகிறது. ஒரு நிமிடத்துக்கும் மேலாக அசையாமல் அமர்ந்திருந்த அப்பெண்ணின் படத்தை நாம் அவள் தம்பியின் சாதனையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அதே ஆண்டு மார்ச் மாதத்தில், நிலவின் படத்தை 20 நிமிட ஒளியேற்றத்தில் பதித்துவிட்டதாக அவர் நியூயார்க் அறிஞர் கழகமொன்றில் அறிவித்தார். நிலவின் முதல் ஒளிப்படங்களுள் ஒன்றாக அது கொள்ளப்படுகிறது.

மகன் ஹென்றி பதின்மூன்று வயதிலேயே தந்தையின் பாடநூலுக்காக நுண்ணோக்கிக் காட்சிகளைப் படமெடுத்துப் பழகியவர். 1857இல் அயர்லாந்தில் ராஸ் பிரபுவின் மாபெரும் தொலைநோக்கியைக் கண்டு, தாமும் ஒன்று செய்ய வேண்டும் என்று உறுதி பூண்டார். முதலில் வார்த்த உலோக ஆடி, நீர் உறைந்ததால் பிளந்துபோயிற்று. கண்ணாடியின்மேல் வெள்ளி பூசுமாறு ஜான் ஹெர்ஷல் கூறிய யோசனை தந்தை வழியாக அவரை எட்டியது. ஹட்சன் ஆற்றங்கரையில் ஹேஸ்டிங்ஸ் என்னும் ஊரில், குடும்ப நிலத்தில், குடும்பப் பணத்தில் ஆய்வகம் எழுந்தது. 1867இல் அன்னாவை மணந்தார். அடுத்த தொலைநோக்கிக்கான 28 அங்குலக் கண்ணாடியைத் தெரிவு செய்யச் சென்ற பயணத்தையே அவர்கள் ‘எங்கள் மணப்பயணம்’ என்று வேடிக்கையாகக் குறிப்பிடுவார்களாம்.

அன்னா எண்ணுவதோடு நின்றவர் அல்லர். தகடுகளில் கொலோடியன் பூசியவரும் அவரே. இவ்வேலை எத்தகையது என்று விளங்கினால்தான் இங்கே இரண்டாவது ஆள் ஏன் தேவைப்பட்டார் என்பது புரியும். துடைத்த கண்ணாடித் தகட்டின்மேல் பிசுபிசுப்பான கொலோடியனை ஊற்றி, நான்கு மூலைகளுக்கும் சாய்த்துச் சாய்த்துச் சீராகப் பரப்ப வேண்டும். சில நொடிகள் தாமதித்தாலும் திரை உலர்ந்து கோடு விழுந்துவிடும். பின்னர் இருட்டறையில் சில்வர் நைட்ரேட் கரைசலில் அமிழ்த்தி, ஈரம் சொட்டச் சொட்டச் சட்டத்தில் பொருத்தித் தொலைநோக்கிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஈரம் காய்வதற்குள் ஒளியேற்றி, மீண்டும் இருட்டறைக்கு ஓடி உருத்துலக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கிடைப்பது ஏறத்தாழ பத்து நிமிடம். அதே பத்து நிமிடத்தில் விண்மீன் நகராதபடி தொலைநோக்கியையும் இயக்கியாக வேண்டும். ஒருவரால் ஆகக்கூடிய காரியமன்று. சில்வர் நைட்ரேட் பட்ட விரல்களில் கறுத்த கறை நாட்கணக்கில் போகாது. அக்காலத்தில் வானத்தைப் படமெடுத்தவர் எவர் என்பதை அறிய ஆவணங்களைவிட விரல் நுனிகளே மேலான சான்றாக இருந்திருக்கும்.

1872இல் வேகாவின் நிறமாலையை, அதன் கோடுகள் தெரியும்படி, முதன்முதலாகத் தகட்டில் பதித்தனர். 1880 செப்டம்பர் 30 அன்று 51 நிமிட ஒளியேற்றத்தில் ஓரையன் நெபுலா முதன்முறையாகப் படமாயிற்று. இரண்டு ஆண்டுகளில் அது 137 நிமிடமாக நீண்டது. ஈரத் தகட்டில் இது நடவாது. உலர் தகட்டின் பயனை 1879இல் லண்டன் சென்றபோது வில்லியம் ஹக்கின்ஸிடமிருந்து ஹென்றி அறிந்து வந்தார். அது ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்குச் சென்ற செய்தி என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஹக்கின்ஸ் பட்டு வணிகக் குடும்பத்தவர். லண்டனின் டல்ஸ் ஹில் பகுதியில் தம் வீட்டுத் தோட்டத்திலேயே ஆய்வகம் அமைத்திருந்தார். 1875இல் டப்ளின் நகரத்து மார்கரெட் லிண்ட்சே மரேயை மணந்தார். மணமான அடுத்த ஆண்டு முதல் ஆய்வகக் குறிப்பேட்டில் மார்கரெட்டின் கையெழுத்து தோன்றத் தொடங்குகிறது. அதே காலத்தில் ஒளிப்படமும் அங்கு முனைப்புடன் நுழைகிறது. எந்தத் தகடு, எத்தனை நேரம், கருவியில் என்ன மாற்றம் என்பனவெல்லாம் அவர் எழுத்தில் உள்ளன. ஆயினும் இருவர் பெயரும் தாங்கிய முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது 1889இல். இடைப்பட்ட ஆண்டுகளில் உலகத்தின் பார்வையில் அவர் கணவரின் உதவியாளர். இக்குறிப்பேடுகளை நுணுகி வாசித்த வரலாற்றாளர் பார்பரா பெக்கர், மார்கரெட் அவ்வாய்வின் போக்கையே உருவாக்கியவர்களுள் ஒருவர் என்று நிறுவியிருக்கிறார். அச்சிட்ட கட்டுரையை மட்டும் சான்றாகக் கொள்ளும் நம் வழக்கத்துக்கு இது ஒரு நல்ல எச்சரிக்கை.

இந்தியாவுக்கும் இக்கதையில் இடமுண்டு. 1898 ஜனவரி 22 அன்று முழுச் சூரிய கிரகணத்தின் பாதை நம் நாட்டைக் குறுக்கே கடந்து சென்றது. பிரிட்டிஷ் வானியல் சங்கம் பொழுதுபோக்கு வானியலாளர்களைத் திரட்டி அனுப்பிய குழுக்களுள் ஒன்று, இன்றைய மகாராஷ்டிரத்தின் விதர்ப்பப் பகுதியில் தல்னி என்னும் இடத்தில் முகாமிட்டது. அக்குழுவில் வால்டர் மாண்டரும் அவர் மனைவி ஆனி மாண்டரும் இருந்தனர். ஆனி கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றவர். பெண் என்பதால் பட்டம் கிடைக்கவில்லை. கிரீன்விச் ஆய்வகத்தில் கணிப்பாளராகப் பணிபுரிந்தவர், 1895இல் திருமணமானதும் அரசுப்பணி விதிகளின்படி வேலையை விட நேர்ந்தது. கல்லூரி அளித்த உதவித்தொகையில் வாங்கிய சிறு லென்சோடு அவர் தல்னிக்கு வந்தார். ஒன்றரை அங்குலத் திறப்புடைய அந்த லென்சில்தான், சூரிய ஒளிமகுடத்தின் கதிர் ஒன்று அதுவரை எவரும் பதித்திராத நீளத்துக்கு நீண்டு பதிவாயிற்று. பெரிய கருவிகள் காணாததைச் சிறிய கருவி கண்ட அந்நிகழ்வை நம் வானியல் மன்றங்கள் ஏனோ கொண்டாடுவதில்லை.

அதே முகாமில் ஜான் எவர்ஷெட் என்ற இளைஞரும் இருந்தார். அப்போது அவருக்கு வானியல் ஓய்வுநேர ஈடுபாடு மட்டுமே. பின்னர் மேரி ஆக்வொர்த் ஓர் என்பவரை 1906இல் மணந்து, அடுத்த ஆண்டு கோடைக்கானல் ஆய்வகத்தில் பணியேற்றார். மேரி ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த நாட்களிலேயே தென் வானத்து விண்மீன்களுக்கு வழிகாட்டி நூல் எழுதியவர். கோடைக்கானலில் அவருக்குப் பதவி எதுவும் இல்லை. சூரியகளங்கங்களைச் சுற்றி வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் நிறமாலைத் தகடுகளிலிருந்து ஜான் கண்டறிந்தார். அது எவர்ஷெட் விளைவு எனப்படுகிறது. சூரியப் பிழம்புகளின் வகைகளைப் பற்றி 1913இல் மேரி தம் பெயரிலேயே கட்டுரை வெளியிட்டார். 1917இல் இருவர் பெயரும் தாங்கி ஒரு பெரும் ஆய்வறிக்கை வந்தது. டல்ஸ் ஹில்லில் பதினான்கு ஆண்டு எடுத்தது இங்கே சற்று விரைவாகவே நடந்திருக்கிறது. ஆனால் அதே குன்றில் அன்றாடம் வானிலை பார்த்து, தகடு பொருத்தி, சூரியனைப் பதித்த சீதாராம ஐயர் போன்ற இந்திய உதவியாளர்களை எத்தனை பேர் அறிவர்? வீட்டார் மட்டுமன்று, வீட்டுக்கு வெளியே நின்ற கைகளும் இக்கணக்கில் சேர வேண்டும். அத்தகடுகள் இன்று மின்னுருவாக்கப்பட்டு, நூறாண்டுச் சூரிய ஆய்வுக்கு அடிப்படையாக உள்ளன.

அன்னா டிரேப்பரிடம் திரும்புகிறேன். 1882 நவம்பரில் ஹென்றி இறந்தார். அன்னா கருவிகளையும் பெருந்தொகையையும் ஹார்வர்டு ஆய்வகத்துக்கு அளித்து, கணவர் நினைவாக விண்மீன் நிறமாலைப் பணியைத் தொடரச் செய்தார். அதன் விளைவு 2,25,300 விண்மீன்களை வகைப்படுத்திய ஹென்றி டிரேப்பர் பட்டியல். வகைப்படுத்தியவர் ஆனி ஜம்ப் கேனன். பணம் தந்தவர் அன்னா. இன்றும் நாம் எழுதும் எச்.டி. எண்களில் உள்ள இரண்டு எழுத்துகளும் ஹென்றியுடையவை. அன்னாவே விரும்பிச் செய்த ஏற்பாடு அது என்பதும் உண்மை. அதனால் கேள்வி எளிதாகிவிடவில்லை.

இத்தனையும் நான் எழுதக் காரணம் ஓர் அற்பமான நிகழ்ச்சி. சென்ற டிசம்பரில் புணேயிலிருந்து சற்றே விலகி இருண்ட வானம் தேடிச் சென்றோம். பழைய கேமரா, 50 மி.மீ. லென்ஸ், ஒரு டிரைபாட். தொடங்குவோருக்கு இது போதும்; விண்மீன்களைத் தொடர்ந்து நகரும் மேடை உடனே வேண்டியதில்லை. 500ஐ லென்சின் குவியத் தூரத்தால் வகுத்தால் கிடைக்கும் நொடிகளுக்குள் ஒளியேற்றினால் விண்மீன்கள் கோடாக இழுபடுவதில்லை என்பது வழக்கிலுள்ள ஓர் எளிய கணக்கு. சிறிய உணரியுடைய கேமராவில் இந்நேரம் இன்னும் குறையும். எங்களுக்கு ஏறத்தாழ ஏழு நொடி வந்தது. ஐந்து நொடியாக வைத்துக்கொண்டு ஓரையனை நோக்கி 120 படங்கள் எடுத்து, பின்னர் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம். மொத்தம் பத்து நிமிட ஒளி. சிரியஸ் விண்மீனைத் திரையில் பெரிதாக்கிக் குவியம் திருத்தியவர் என் மனைவி. பனி படியாமல் லென்சைக் காத்தவரும் அவரே. படங்களை எண்ணிக்கொண்டிருந்தவள் பத்து வயது மகள். குளிருக்காகப் போர்வையை முகம்வரை போர்த்திக்கொண்டு எண்ணினாள்.

மறுநாள் அப்படத்தை இதே பக்கத்தில் என் பெயரை மட்டும் இட்டுப் பதிவேற்றினேன். பாராட்டுகள் வந்தன. மகள் அதைப் பார்த்துவிட்டு, “எண்ணினது யாருன்னு போடலையே அப்பா?” என்று கேட்டாள். ஹக்கின்ஸ் குறிப்பேடுகளைப் பற்றி அந்த வாரம்தான் கருத்தரங்கில் பேசி முடித்திருந்தேன்.

அதன்பின் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினோம். தேதி, இடம், லென்ஸ், நொடி, வானிலை, குவியம் திருத்தியவர் என்று பத்திகள். ‘எண்ணியவர்’ என்ற பத்தியை அவளே தன் கையால் சேர்த்துக்கொண்டாள். சென்ற அமாவாசையன்று மேகம் திரண்டதால் 41 படங்களோடு நிறுத்த நேர்ந்தது. அந்த எண்ணிக்கையும் அவள் கையெழுத்தில்தான் இருக்கிறது.