உலக அரங்கில் காந்தியடிகள்: புகழுரைகளும் வரலாறும்

அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதாகத் தொண்டைமானிடம் சென்றார் ஒளவையார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமிதத்துடன் காட்டினான். ஒளவையார் அதனைப் பழிக்கவில்லை, புகழவே செய்தார். அவன் படைக்கலங்கள் அழகு குலையாமல் காவலுக்குள் இருப்பதையும், தம் மன்னனின் படைக்கலங்கள் போரில் சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் அடுத்தடுத்து வைத்துக் கூறினார். போர்க்களம் காணாதவன் யார் என்பது கேட்டோர்க்குப் புரிந்தது. புறநானூறு காட்டும் இந்நிகழ்ச்சியை அறியாத தமிழாசிரியர் இலர். தூதுரையில் வரும் புகழ்ச்சியை அதன் சொற்களைக் கொண்டு மட்டும் அளக்கலாகாது; சொல்லும் இடம், வேளை, சொல்பவரின் தேவை ஆகியவற்றோடு சேர்த்தே அளத்தல் வேண்டும் என்பது அந்நிகழ்ச்சி தரும் பாடமாகும்.

இக்காலத் தூதுரைகளுக்கும் இவ்வுண்மை பொருந்தும். நாடுகளின் பேராளர்கள் கூடும் மன்றங்களில் மறைந்த தலைவர்களின் பெயர்கள் அடிக்கடி ஒலிக்கின்றன. அவற்றுள் மிகுதியாக ஒலித்த பெயர்களில் ஒன்று காந்தியடிகளின் பெயர். அரசுப் பதவி எதனையும் வகிக்காத அவரை அரசுகளின் பேராளர்கள் எவ்வாறு நினைவுகூர்ந்தனர் என்பதை ஆராய்ந்தால், அவரைப் பற்றி அறிவதைவிட நினைவுகூர்ந்தவர்களைப் பற்றி அறிவதே மிகுதியாக இருக்கும்.

ஒரே நாள், பல காந்திகள்

1948ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30ஆம் நாள் மாலை, தில்லியில் வழிபாட்டிற்குச் சென்றுகொண்டிருந்த அடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார். செய்தி எட்டியதும் ஐக்கிய நாடுகள் சபையின் கொடி அரைக்கம்பத்திற்கு இறக்கப்பட்டது. பாதுகாப்பு மன்றத்தின் உறுப்பினர்கள் அடிகளுக்கு இரங்கலுரை ஆற்றினர்.

அந்த வேளையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அம்மன்றம் அப்பொழுது காசுமீரச் சிக்கலை ஆராய்ந்துகொண்டிருந்தது. இந்தியா சனவரி முதல் நாளன்று தன் முறையீட்டை முன்வைத்திருந்தது. அம்மாதம் 17ஆம் நாளிலும் 20ஆம் நாளிலும் மன்றம் தீர்மானங்களை நிறைவேற்றியிருந்தது. இரண்டு புதிய நாடுகள் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டிக்கொண்டிருந்த மண்டபத்திலேயே அமைதியின் தூதருக்கு அஞ்சலி செலுத்தப்பட்டது.

பிரிட்டனின் சார்பில் பேசியவர் பிலிப் நோயல்-பேக்கர். அடிகளை ஏழையர்க்கும் துணையற்றோர்க்கும் வழிதவறியோர்க்கும் நண்பர் என்று அவர் போற்றினார். அடிகளின் மாபெருஞ் சாதனைகள் இனிமேல்தான் வரவிருக்கின்றன என்றும் கூறினார். உருக்கமான உரை அது. பிற்காலத்தில், 1959இல், அமைதிக்கான நோபெல் பரிசைப் பெற்ற அவருடைய நேர்மையை ஐயுறக் காரணமில்லை. எனினும் அவ்வுரை போற்றிய ஏழை பங்காளரைப் பலமுறை சிறையிலடைத்த அரசு பிரிட்டிசு அரசேயாகும். அடிகள் யாரை எதிர்த்துப் போராடினார் என்பதைப் பேசாமல் அவரை மனித குலத்தின் நண்பராக மட்டும் காட்டுவது, ஆண்ட நாட்டின் பேராளருக்கு எளிதாக இருந்தது.

சோவியத்து நாட்டின் பேராளர் ஆந்திரேய் குரோமிக்கோவோ வேறொரு காந்தியைக் கண்டார். இந்தியாவின் தலைசிறந்த அரசியல் தலைவர்களுள் ஒருவர் என்றும், இந்திய மக்களின் நெடுங்கால விடுதலைப் போராட்டத்தோடு அவர் பெயர் என்றும் இணைந்திருக்கும் என்றும் அவர் குறிப்பிட்டார். ஏனைய உறுப்பினர்கள் அடிகளின் ஆன்மிக ஆற்றலையும் அகிம்சையையும் எடுத்தோத, அவர் அரசியலை எடுத்துரைத்தார். புரட்சிக்குப் படைவலிமையை நம்பிய அரசின் பேராளர் அகிம்சையைப் போற்ற இயலாது. பேரரசை எதிர்த்த போராட்டத்தைப் போற்ற இயலும்.

பாகிசுத்தானின் தலைவர் சின்னா விடுத்த இரங்கற் செய்தி, அடிகளை இந்து சமுதாயம் தோற்றுவித்த மாபெரும் மனிதர்களுள் ஒருவர் என்று குறித்தது. இரு நாட்டுக் கொள்கையின் மேல் ஒரு நாட்டை எழுப்பிய தலைவர், இறந்தவரையும் அக்கொள்கையின் எல்லைக்குள்ளேயே நிறுத்தினார். அடிகளோ அம்மாதம் 13ஆம் நாள் முதல் 18ஆம் நாள் வரை உண்ணாநோன்பு மேற்கொண்டு தில்லி முசுலிம்களின் பாதுகாப்பிற்காக உயிரைப் பணயம் வைத்தவர். பாகிசுத்தானுக்குச் சேரவேண்டிய 55 கோடி ரூபாயை வழங்க இந்திய அரசு முடிவு செய்ததும் அந்நோன்பின்போதுதான். அவர் கொலையுண்டதற்கு இந்த நடுவுநிலைமையே ஒரு காரணம் ஆயிற்று.

இவ்வுரைகளுள் எதுவும் பொய்யன்று. அடிகள் ஏழைகளின் நண்பர், அரசியல் தலைவர், இந்து சமயத்தில் ஊன்றி நின்றவர். ஆயினும் ஒவ்வொருவரும் தமக்கு இசைந்த ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, இசையாத பகுதியை விட்டுவிட்டனர்.

சொந்த நாட்டின் சொல்லும் செயலும்

அயல்நாட்டார் மட்டுமே இவ்வாறு செய்தனர் எனக் கருதுதல் தவறாகும். 1948 நவம்பர் 3ஆம் நாள் பாரிசு நகரில் கூடிய ஐக்கிய நாடுகள் பொதுப் பேரவையில் சவகர்லால் நேரு உரையாற்றினார். அடைய வேண்டிய நோக்கத்தை மட்டுமன்றி, அதனை அடையும் வழியையும் மறவாதிருக்கத் தம் நாட்டின் பெருந்தலைவர் கற்பித்தார் என்பது அவ்வுரையின் சாரம். அடிகளின் நெறியை இவ்வளவு தெளிவாகச் சொன்ன அரசியல் உரைகள் சிலவே. அதற்கு ஏறத்தாழ ஏழு வாரங்களுக்கு முன்னர்தான் இந்தியப் படை ஐதராபாத்தினுள் நுழைந்திருந்தது. ஐதராபாத்து அரசின் முறையீடும் பாதுகாப்பு மன்றத்திற்கு வந்திருந்தது. அந்நடவடிக்கை தேவையானதா அன்றா என்பது தனி ஆராய்ச்சி. ஆனால், காந்தியடிகளின் பெயரைச் சொல்லும் அரசு ஒரு சுமையையும் தன் தோளில் ஏற்றிக்கொள்கிறது என்பதை இது காட்டுகிறது.

படைக்கலக் குறைப்பிலும் இதே நிலையைக் காணலாம். 1988 சூன் 9ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுப் பேரவையின் சிறப்புக் கூட்டத்தில், அணுப் படைக்கலமற்ற, வன்முறையற்ற உலகிற்கான செயல்திட்டத்தை இராசீவ் காந்தி முன்வைத்தார். 1974இல் பொக்கரானில் அணுவெடிப்புச் சோதனை நடத்தியிருந்த இந்தியா, 1998 மே திங்களில் அங்கேயே மீண்டும் சோதனைகளை நடத்தியது. 2007 சூன் 15ஆம் நாள், அடிகள் பிறந்த அக்டோபர் 2ஆம் நாளை அனைத்துலக அகிம்சை நாளாகப் பொதுப் பேரவை அறிவித்தது. இந்தியா கொணர்ந்த அத்தீர்மானம் வாக்கெடுப்பின்றி ஏற்கப்பட்டது. அணுப் படைக்கலம் வைத்திருக்கும் நாடுகளும் அதனை எதிர்க்கவில்லை. எவரையும் எதற்கும் கட்டுப்படுத்தாத தீர்மானம் ஆதலின், எதிர்க்க வேண்டிய தேவை எழவில்லை.

நேர்மையான நினைவு

எனினும், புகழுரைகள் அனைத்தும் வெறும் அலங்காரம் என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. அடிகளை முழுமையாகப் பின்பற்ற இயலாது என வெளிப்படையாக உரைத்தவர்களும் உளர்.

2009 டிசம்பர் 10ஆம் நாள் ஒசுலோவில் நோபெல் பரிசைப் பெற்ற அமெரிக்க அதிபர் பராக் ஒபாமா அத்தகையவர். அப்கானித்தானத்திற்கு மேலும் 30,000 படைவீரர்களை அனுப்புவதாக அறிவித்து ஒன்பது நாள்களே ஆகியிருந்தன. காந்தியையும் மார்ட்டின் லூதர் கிங்கையும் அவர் போற்றினார். ஆனால், நாட்டைக் காக்க உறுதிமொழி எடுத்த தலைவர் என்ற முறையில் அவர்களின் முன்மாதிரியை மட்டுமே கொண்டு தாம் இயங்க இயலாது என்றும் அதே மேடையில் கூறினார். அம்முடிவை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். அடிகளின் நெறிக்கும் தம் செயலுக்கும் உள்ள இடைவெளியை அவர் மறைக்கவில்லை என்பதை மறுக்க இயலாது.

நெல்சன் மண்டேலாவின் நினைவுகூரல் இதனினும் ஆழமானது. தென்னாப்பிரிக்காவில் உருவான அடிகளைத் தம் நாட்டின் மைந்தராகவே அவர் கருதினார். அதே வேளையில், அமைதிவழிப் போராட்டத்திற்கு வன்முறையே விடையாகக் கிடைத்தபோது, 1961இல் தம் இயக்கத்தார் படைக்கலம் ஏந்தியதை அவர் ஒளிக்கவில்லை. ஆப்பிரிக்க மக்களைப் பற்றி இளமைக்கால காந்தி கொண்டிருந்த தாழ்வான எண்ணங்களையும் அவர் மூடிவைக்கவில்லை. அவற்றைப் பொறுத்து, அக்காலச் சூழலில் வைத்து அவரை மதிப்பிட வேண்டும் என 1995இல் வெளிவந்த கட்டுரையொன்றில் எழுதினார். குறையை அறிந்து, சொல்லி, அதன் பின்னரும் போற்றுகின்ற போற்றுதலுக்கே எடை உண்டு.

இந்த எடையற்ற போற்றுதல் நிலைக்காது என்பதற்கும் சான்று உண்டு. 2016 சூன் திங்களில் இந்தியக் குடியரசுத் தலைவர் கானா நாட்டுப் பல்கலைக்கழகத்தில் அடிகளின் சிலையைத் திறந்துவைத்தார். ஆப்பிரிக்கரைப் பற்றிய அந்த இளமைக்கால எழுத்துகளைச் சுட்டி, அப்பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் எதிர்த்தனர். 2018 டிசம்பரில் சிலை அகற்றப்பட்டது. அரசுகள் நட்பின் சின்னமாகக் கொடுத்து வாங்கியதை, அங்குப் பயில்வோரும் பயிற்றுவிப்போரும் வரலாற்றின் கேள்வியாகக் கண்டனர்.

உரைகள் விட்டுவிட்டவர்கள்

புகழுரைகளில் மற்றொரு குறையும் உண்டு. அவை தலைவரை மட்டும் நினைவில் கொள்கின்றன. அவரைத் தலைவராக்கியவர்களை மறந்துவிடுகின்றன.

அடிகளின் சத்தியாக்கிரகம் தென்னாப்பிரிக்காவில் பிறந்தது. அங்கு அவருடன் சிறை சென்றவர்களுள் தமிழர் மிகப் பலர். 1909இல் சிறைக் கொடுமையால் நோயுற்று இளைஞர் நாகப்பன் இறந்தார். நாடு கடத்தப்பட்ட நாராயணசாமி 1910இல் உயிர் துறந்தார். 1913இல் திரான்சுவாலிலிருந்து எல்லை கடந்து சென்ற தமிழ்ப் பெண்கள், நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசி அவர்களை வேலைநிறுத்தத்தில் இறங்கச் செய்தனர். ஒப்பந்தம் முடிந்த கூலிகள் மீது சுமத்தப்பட்ட மூன்று பவுன் வரி 1914இல் நீங்கியதற்கு அவ்வேலைநிறுத்தமே பெருங்காரணம். அப்போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை, விடுதலையானபின் 1914 பிப்ரவரி 22ஆம் நாள் தம் பதினாறாம் அகவையில் காலமானார். அடிகள் இவர்களை மறக்கவில்லை. தென்னாப்பிரிக்கப் போராட்டத்தைப் பற்றித் தாம் எழுதிய நூலில் இவர்களைப் பெயர் சொல்லிப் போற்றியுள்ளார்.

1946 டிசம்பர் 8ஆம் நாள், தென்னாப்பிரிக்க இந்தியர் நடத்தப்படும் முறை குறித்து இந்தியா கொணர்ந்த முறையீட்டின்மேல் ஐக்கிய நாடுகள் பொதுப் பேரவை தீர்மானம் இயற்றியது. விசயலட்சுமி பண்டிட் வாதாடிய அத்தீர்மானத்திற்கு 32 நாடுகள் ஆதரவாகவும் 15 நாடுகள் எதிராகவும் வாக்களித்தன. எதிரணியில் நின்றவர் தளபதி சுமட்சு. முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் வள்ளியம்மை சிறை புகுந்த காலத்தில் அந்நாட்டின் அமைச்சராக இருந்தவரும் அவரே. உலக மன்றத்தில் காந்தியடிகளின் பெயருக்குப் பின்னால் நின்ற வழக்கு, பெயர் அறியப்படாத கூலி மக்கள் தொடங்கி வைத்த வழக்காகும்.

கற்பிப்போர் கடமை

2019 செப்டம்பர் 24ஆம் நாள், அடிகளின் 150ஆம் பிறந்த ஆண்டையொட்டி ஐக்கிய நாடுகள் தலைமையகத்தில் நடந்த விழாவில் பல நாட்டுத் தலைவர்கள் பேசினர். சிங்கப்பூரின் அந்நாளையப் பிரதமர் லீ சியன் லூங்கும் அவர்களுள் ஒருவர். அத்தகைய விழாக்கள் இனியும் நிகழும். அவ்வுரைகளின் பகுதிகள் பாடநூல்களிலும் பேச்சுப் போட்டிகளிலும் மேற்கோள்களாக இடம்பெறும். மாணவர்கள் அவற்றை மனனம் செய்து ஒப்பிப்பார்கள்.

மனனம் செய்வதில் குற்றமில்லை. அதனோடு மூன்று வினாக்களையும் கேட்க மாணவர்களைப் பழக்குதல் ஆசிரியர் கடமை. இவ்வுரையை ஆற்றியவர் யார்? அவ்வேளையில் அவர் நாடு என்ன செய்துகொண்டிருந்தது? அவர் சொல்லாமல் விட்டது எது? இம்மூன்றையும் கேட்கும் மாணவன் எந்தத் தலைவரைப் பற்றிய புகழுரையையும் பயனுறப் படிப்பான். தலைவரை அவன் இகழவும் மாட்டான். சிலையாக்கி ஒதுக்கவும் மாட்டான்.

அரசுகள் ஒரு தலைவரை உலகறியப் புகழ்ந்துவிட்டால், அப்புகழ்ச்சியே அவற்றை அளக்கும் கோலாகிவிடும். அகிம்சையைப் போற்றிய அரசிடம் அகிம்சையைக் கேட்கும் உரிமை குடிமக்களுக்கு உண்டு; எளியோரின் நண்பரென அடிகளை வாழ்த்திய அரசிடம் தம் பங்கைக் கேட்கும் உரிமை எளியோர்க்கு உண்டு. புகழுரையை எழுதியவர் நினையாத பயன் இது. ஆயினும் அந்தக் கோலைக் கையில் எடுக்க, வரலாறு அறிந்தவர்கள் வேண்டும். வள்ளியம்மையின் பெயரை அறிந்த மாணவனுக்கே, காந்தியடிகளைப் பற்றிய உரையில் அப்பெயர் இல்லை என்பது தெரியும்.