பெருக்கல் விதியும் மலேசியத் தமிழர்தம் கணிதக் கலைச்சொல்லும்

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ தமிழ்ப்பள்ளியிற் பயின்ற மாணவர் 'பெருக்கல்' என்னும் சொல்லை அறிவார். அவரே இடைநிலைப்பள்ளியில் கூடுதல் கணிதம் பயிலும்போது, இரு சார்புகளின் பெருக்கற்பலனை வகையிடும் விதியை மலாயில் 'பெத்துவா ஹாசில் டாராப்' என்று கற்கிறார். இவ்விடைவெளி தோன்றிய வரலாற்றை நாம் ஈண்டு நோக்குவோம்.

பெருக்கற்பலனின் மாற்றம், தனித்தனி மாற்றங்களின் பெருக்கற்பலனே ஆகுமோ என்பது எவருக்கும் இயல்பாக எழும் ஐயம். செர்மானிய அறிஞர் இலைப்னிட்சு 1675 நவம்பர்க் குறிப்புகளில் இவ்வினாவை எழுப்பி, அன்று எனக் கண்டார். சரியான விதியையும் அம்மாதத்திலேயே அடைந்தார். 1684இல் அது நிறுவலின்றி அச்சேறியது.

விதியின் உண்மையை ஒரு செவ்வகம் விளக்கும். நீளம் 5, அகலம் 3 எனின் பரப்பு 15. இரண்டும் 0.1 வளர்ந்தால் பரப்பு 15.81. மிகுதியான 0.81இல், நீளத்தின்வழி 0.5உம் அகலத்தின்வழி 0.3உம் வந்தன. மாற்றங்களின் பெருக்கற்பலனோ மூலையிலுள்ள 0.01 மட்டுமே, மாற்றம் நுண்ணியதாகுந்தோறும் அது புறக்கணிக்கத்தக்கதாகிறது. ஆகவே முதற்சார்பை இரண்டாவதன் வகைக்கெழுவாலும், இரண்டாவதை முதலாவதன் வகைக்கெழுவாலும் பெருக்கிக் கூட்டுதல் வேண்டும்.

இவ்விளக்கத்திற்குரிய சொற்கள் தமிழில் உள. தமிழக மேல்நிலை வகுப்புகளில் 'வகையிடல்' என்பதும், இலங்கை உயர்தர வகுப்புகளில் 'வகையீடு' என்பதும் வழங்குகின்றன. அங்கு அவை நிலைபெற்றமைக்குக் காரணம், தமிழில் பாடமும் தேர்வும் நடைபெறுவதே. கலைச்சொல்லுக்கு உயிர் தருவது அகராதியன்று, வகுப்பறையே.

மலேசியாவில் தமிழ்வழிக் கல்வி தொடக்கப்பள்ளியளவில் நின்றது. 1970 முதல் ஆங்கிலவழிப் பள்ளிகள் படிப்படியாக மலாய்வழிக்கு மாறின. நுண்கணிதம் பயிற்றும் தமிழ் வகுப்பறை முன்னும் இல்லை, பின்னும் இல்லை. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கியபோது தொடக்கப்பள்ளித் தமிழ்க் கணிதமும் தளர்ந்தது. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது.

எனினும் மலாய்ச் சொல்லை அயற்சொல்லென ஒதுக்குதல் பொருந்தாது. வகையிடலைக் குறிக்கும் 'பெம்பேஸாஆன்' என்பதன் அடிச்சொல் 'பேஸா'; வடமொழிப் 'பேத'த்தினின்று வந்தது. நம் 'பேதம்' என்னும் சொல்லுக்கும் அதுவே மூலம். மலாய்ச்சொல் வேறுபாட்டைச் சுட்ட, தமிழ்ச்சொல் வகையைச் சுட்டுகிறது. இரண்டையும் அருகருகே வைத்துக் கற்கும் மாணவர் கருத்தைத் தெளிவாக உணர்வர் என்பது நம் துணிபு.

தேர்வுமொழியை மாற்றுக என்று நாம் கோரவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழாசிரியரும் கணித ஆசிரியரும் கூடி, மலாய், ஆங்கிலம், தமிழ் ஆகிய மும்மொழிக் கலைச்சொற்பட்டியல் ஒன்றை உருவாக்கி மாலை வகுப்புகளில் பயன்படுத்தலாம். அன்றேல், தமிழ் வாய்பாட்டோடு முடிந்துவிடும் மொழி என்னும் எண்ணமே அடுத்த தலைமுறைக்கு எஞ்சும்.