சுவருக்குள் இல்லாத கம்பி

புணேயின் வடமேற்கே, பழைய மும்பை நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த நிக்டியில் தை மாதத்து இரவுகள் நன்கு குளிரும். ஆயினும் அங்குள்ள வீடுகளில் அறைகளைச் சூடாக்கும் உலையோ குழாயமைப்போ வைக்கும் வழக்கம் இல்லை. வீட்டின் ‘வெப்ப அமைப்பு’ என்பது குளியலறையில் தொங்கும் கீசர் மட்டுமே. அதற்கு முன்பு மகாராட்டிர வீடுகளில் ‘பம்ப்’ எனப்பட்ட செப்புக் கலம் இருந்தது. நடுவே கரி எரியும் குழாய், சுற்றிலும் நீர். தமிழ்நாட்டில் பாய்லர் என்று வழங்கியதும் இதுவே. 1972இல் பிம்ப்ரி-சிஞ்ச்வட் புதுநகர் வளர்ச்சி ஆணையம் உருவாகி, நிக்டியின் பிராதிகரண் பகுதி திட்டமிட்டு எழுந்த காலத்துக்குப் பின், அந்தக் கலத்தின் இடத்தை மின் கீசர் மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டது.

இன்று அந்தக் கீசரைக் கைபேசியால் ஆள விரும்புவோர் ஒரு தடையைச் சந்திக்கின்றனர். அமெரிக்காவின் பழைய வீடொன்றில் திறன் தெர்மோஸ்டாட்டைப் பொருத்துவோர் சந்திக்கும் தடைக்கு அது உறவானது. இரண்டையும் விளங்கிக்கொள்ளத் தெர்மோஸ்டாட்டின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

‘தெர்மோஸ்டாட்’ என்ற பெயர் 1830இல் ஸ்காட்லாந்து வேதியியலர் ஆண்ட்ரூ யூர் பெற்ற காப்புரிமையோடு வழக்குக்கு வந்தது. வெப்பத்தில் வெவ்வேறு அளவு விரியும் இரு உலோகப் பட்டைகளை ஒட்டினால், சூடேறும்போது அது வளையும்; அந்த வளைவே கட்டளையாகும். யூரின் நோக்கம் வீட்டுச் சுகம் அன்று, ஆலை. தன்னியக்க ஆலையைப் போற்றி 1835இல் நூல் எழுதியவர் அவர். மனிதக் கண்காணிப்பைப் பொறியிடம் ஒப்படைக்கும் எண்ணம் இக்கருவியின் பிறப்பிலேயே இருந்தது.

விஸ்கான்சின் மாநில ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த வாரன் ஜான்சன் 1883இல் மின் தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை பணியாளர் வகுப்பறைதோறும் நுழைந்து வெப்பமானியைப் பார்த்து, அடித்தளத்துக்குச் சென்று உலையின் காற்றுவழியைத் திருத்த வேண்டியிருந்தது. 1885இல் மினியாபொலிசில் ஆல்பர்ட் பட்ஸ் நிலக்கரி உலையின் காற்றுக் கதவைத் தானே திறந்து மூடும் கருவியை அமைத்தார். அவர் தொடங்கிய நிறுவனத்தின் வழியில் வந்ததே ஹனிவெல். டாட்டா குழுமத்தோடு கூட்டாகத் தொடங்கிய அதன் இந்தியக் கிளை புணேயின் ஹடப்சரில் இயங்குகிறது. 1953இல் ஹென்றி டிரேஃபஸ் வடிவமைத்த ஹனிவெல்லின் வட்டத் தெர்மோஸ்டாட் எண்ணற்ற அமெரிக்கச் சுவர்களில் இடம்பெற்றது.

இந்தக் கருவிகளுக்குத் தமக்கென மின்சாரம் தேவைப்படவில்லை என்பதே இங்கு முக்கியம். வட்டத் தெர்மோஸ்டாட்டினுள் உலோகச் சுருள் வளைந்து, கண்ணாடிக் குமிழிலுள்ள பாதரசத்தைச் சாய்த்து, இரு முனைகளை இணைக்கும். அவ்வளவே. ஆகவே வெப்பம் மட்டும் உள்ள வீடுகளில் மின்பணியாளர்கள் உலையிலிருந்து சுவருக்கு இரண்டு கம்பிகளையே இழுத்தனர். ஒன்று 24 வோல்ட் மின்மாற்றியிலிருந்து வரும். மற்றொன்று உலைக்குக் கட்டளையைக் கொண்டு திரும்பும். அதற்கு மேல் ஒரு கம்பி அன்று வீண்செலவு.

2011இல் நெஸ்ட் வந்தபோது அந்தச் சிக்கனம் இடையூறானது. திரையும் கம்பியில்லா இணைப்பும் கொண்ட கருவிக்கு எந்நேரமும் மின்சாரம் வேண்டும். அது சுற்றை முடித்துத் திரும்ப ‘சி’ எனப்படும் பொதுக்கம்பி வேண்டும். அது இல்லாத வீடுகளில் நெஸ்ட், உலையை இயக்காத அளவுக்குச் சிறு மின்னோட்டத்தைக் கட்டளைக் கம்பி வழியே இழுத்துத் தன் மின்கலத்தை நிரப்பிக்கொண்டது. சில உலைகள் அந்தச் சிறு ஓட்டத்தையே கட்டளையாகப் பிழையுணர்ந்தன. முறையான தீர்வுகள் மூன்று: சுவருக்குள் பயன்படாமல் சுருண்டு கிடக்கும் மிகைக்கம்பியைத் தேடி இணைப்பது, புதுக்கம்பி இழுப்பது, அல்லது உலையருகே துணைக்கருவி பொருத்துவது. மூன்றுக்கும் உலையின் மின்னிணைப்பை முதலில் துண்டிப்பது பொதுவிதி.

நிக்டியின் கீசரில் இல்லாதது வேறொரு கம்பி. கீசரின் தெர்மோஸ்டாட் அதன் உடலுக்குள்ளேயே நீரை ஒட்டி அமர்ந்திருக்கிறது. நீரின் சூட்டை வெளியே சொல்லும் கம்பி சாதாரண கீசரில் இல்லை. சுவரில் பொருத்தும் திறன் சுவிட்சு மின்சாரத்தைத் தரவும் நிறுத்தவும் வல்லது. நீர் எவ்வளவு சூடானது என்பதை அது அறியாது. 25 லிட்டர் நீரை 20 பாகையிலிருந்து 60 பாகைக்கு உயர்த்த 2 கிலோவாட் கீசருக்கு ஏறத்தாழ 35 நிமிடம் ஆகும் என்ற கணக்கைக் கொண்டு நேரத்தை வைத்து ஊகிக்கலாம்; அது கடிகாரமே தவிர, தெர்மோஸ்டாட் அன்று. ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும் கீசருக்கு 6 ஆம்பியர் சுவிட்சைப் பொருத்தினால் இணைப்பு சூடேறி உருகும். 16 ஆம்பியர் தாங்குவதும் நில இணைப்பும் இன்றியமையாதவை.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, வெளியே ‘அறிவுள்ள’ சுவிட்சு வந்துவிட்டதென்று உள்ளிருக்கும் பழைய தெர்மோஸ்டாட்டையோ வெப்பத்துண்டிப்பானையோ நேரடியாக இணைத்துத் தாண்டிவிடுவது. இணையமும் ரிலேயும் பழுதுபட்டு மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும் நாளில், நீர் கொதித்துக் கலம் வெடிக்காமல் காப்பவை அவையே.

யூர் முதல் நெஸ்ட் வரை கண்காணிப்பவரின் இடம் மாறியிருக்கிறது: மேற்பார்வையாளர், பள்ளிப் பணியாளர், பாதரசக் குமிழ், தொலைவிலுள்ள கணிப்பொறி. முந்தைய தலைமுறை தன் தேவைக்கு அளந்து இழுத்த கம்பிகள் மட்டும் சுவருக்குள் அப்படியே இருக்கின்றன. தொழில்நுட்ப வரலாற்றைப் புதுமைகளின் வரிசையாக மட்டும் எழுதும்போது விடுபடுவது இதுவே. புதிய கருவி எதுவும் வெற்றுச் சுவரில் ஏறுவதில்லை. அன்றைய சிக்கனத்தின் விலையை இன்று அந்த வீட்டில் வாழ்பவரும், ஸ்க்ரூடிரைவரோடு வந்து நிற்கும் மின்பணியாளருமே செலுத்துகின்றனர்.