ஒன்பது ஊசியும் நாற்பத்துமூன்று புள்ளியும்: நாள்பட்ட இடுப்புக்குழி வலிக்கான அக்குபங்சர் கடந்துவந்த பாதை

1690 முதல் 1692 வரை நாகசாகித் துறைமுகத்தின் தெஜிமா தீவில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகப் பணியாற்றியவர் எங்கல்பெர்ட் கெம்ப்ஃபர் என்ற ஜெர்மானியர். ஜப்பானியர் ‘சென்கி’ என்று அழைத்த நோயைப் பற்றி அவர் விரிவாக எழுதிவைத்தார். அடிவயிற்றையும் கவட்டையையும் முறுக்கிப் பிடிக்கும் வலி அது. ஜப்பானிய மருத்துவர்கள் அதற்கு வயிற்றில் வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசையில் ஒன்பது ஊசி குத்தினர். வலி அடங்கியதைக் கண்ணெதிரே பார்த்ததாக கெம்ப்ஃபர் பதிவுசெய்கிறார். 1694இல் லெய்டன் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டிலும் 1712இல் வெளியான ‘அமோனிடேட்டஸ் எக்ஸோடிகே’ நூலிலும் இந்தக் குறிப்பு உள்ளது.

கண்ணால் கண்ட சாட்சி என்ற அளவில் இது மதிப்புள்ளது. சான்று என்ற அளவில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன. சென்கி என்ற ஒரே கூடைக்குள் குடலிறக்கம், சிறுநீர்ப்பாதை நோய், விதைவீக்கம் எல்லாம் கிடந்திருக்கலாம். வலி எவ்வளவு இருந்தது, எவ்வளவு குறைந்தது என்பதற்கு அளவு இல்லை. ஊசி குத்தாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் பார்க்கவில்லை. நோய் எது, அளவுகோல் எது, எதோடு ஒப்பிடுவது என்ற இம்மூன்றுக்கும் விடை வரும்வரை இடுப்புக்குழி வலியில் அக்குபங்சரின் பயனைப் பற்றிய பேச்சு அனுபவக் கதைகளாகவே நின்றது. அந்த விடைகளில் முக்கியமானவை ஊசி மருத்துவர்களிடமிருந்து வரவில்லை, சிறுநீரகவியல் துறையிலிருந்து வந்தன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அக்குபங்சர் ஐயாயிரம் ஆண்டுப் பழமையானது என்று துண்டறிக்கைகளில் அச்சாவதற்கு ஆதாரம் போதாது. கி.மு. 168இல் மூடப்பட்ட, சீனாவின் மாவாங்துய் கல்லறையில் கிடைத்த மருத்துவச் சுவடிகள் உடலின் ஓட்டப்பாதைகளைப் பேசுகின்றன, மூலிகைச் சூடு வைப்பதையும் பேசுகின்றன. ஊசி மருத்துவம் அவற்றில் இல்லை. கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் ஹுவாங்ஃபு மி தொகுத்த நூலில் புள்ளிகள் ஒழுங்காக வரிசைப்படுத்தப்படுகின்றன. உள் கணுக்காலுக்கு மேலே மூன்று ‘சுன்’, அதாவது நான்கு விரற்கடை உயரத்தில் அமைந்த சான்யின்ஜியாவ் புள்ளியும் அதில் உண்டு. இந்தப் புள்ளியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அடிவயிறு, கருப்பை, சிறுநீர்ப்பை தொடர்பான தொல்லைகளுக்கெல்லாம் பின்வந்த மருத்துவர்கள் காலில் தேடியது இதைத்தான்.

மரபு இடையறாமல் ஓடிவந்தது என்பதும் சரியல்ல. 1822இல் தாவோகுவாங் பேரரசர் அரண்மனை மருத்துவக் கழகத்தில் அக்குபங்சர் பிரிவையே மூடினார். 1930களில் மருத்துவர் செங் தான்ஆன் அதை மீட்டபோது, இரத்தக் குழாய்களின் மேல் இருந்த புள்ளிகளை விலக்கி நரம்புகளை ஒட்டி வைத்தார். தடித்த கருவிகளைத் தவிர்த்து மெல்லிய ஊசியை முன்னிறுத்தினார். இன்று ஆய்வுக்கூடங்களில் சோதிக்கப்படுவது பெரிதும் இவர் வழிவந்த ஊசியே.

ஐரோப்பாவில் 1810இல் தொடங்கி லூயி பெர்லியோஸ் (இசையமைப்பாளர் எக்தர் பெர்லியோஸின் தந்தை) நடத்திய முயற்சிகள் சில பத்தாண்டுகள் பரபரப்பாகி மங்கின. 1971இல் பெய்ஜிங்கில் குடல்வால் அறுவை செய்துகொண்ட அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனின் கட்டுரை அதை மீண்டும் எழுப்பியது. ஊசியால் மயக்கித்தான் அவருக்கு அறுவை நடந்தது என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். நடந்தது வேறு. அறுவைக்கு மருந்தால்தான் மரத்துப்போகச் செய்தார்கள். பிறகு வயிற்றில் ஏற்பட்ட உப்புசத்துக்கும் வலிக்கும் முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழேயும் ஊசி குத்தினார்கள். 1976–77இல், ஊசியின் வலிநிவாரணத்தை நலோக்சோன் என்ற மருந்து தடுக்கிறது என்று ஆய்வுகள் காட்டின. உடலே சுரக்கும் எண்டார்பின்களுக்கு இதில் பங்குண்டு என்ற கருத்து அப்படித்தான் வலுப்பெற்றது.

இதற்கிடையே சிறுநீரகவியலில் வேறொரு சிக்கல் முற்றிக்கொண்டிருந்தது. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே, அடிவயிற்றில், ஆணுறுப்பில் மாதக்கணக்கில் வலிக்கிறது என்று வரும் ஆண்களுக்கு ‘புராஸ்டேட் அழற்சி’ என்று பெயர் எழுதி ஆன்டிபயாடிக் கொடுப்பது வழக்கம். 1968இல் மியர்ஸும் ஸ்டேமியும் நான்கு குப்பிகளில் சிறுநீரையும் புராஸ்டேட் சுரப்பியின் நீரையும் தனித்தனியே சோதிக்கும் முறையை வகுத்தார்கள். சோதிக்கச் சோதிக்க, பெரும்பாலோரிடம் கிருமியே இல்லை என்பது வெளிப்பட்டது. கடைசியில் 1995இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய பயிலரங்கு, கிருமியற்ற இந்தப் பெருங்கூட்டத்தை மூன்றாம் வகை என்று பிரித்து, நாள்பட்ட இடுப்புக்குழி வலிக் கூட்டறிகுறி என்ற பெயரையும் சேர்த்தது. சுரப்பி குற்றவாளிக் கூண்டிலிருந்து பாதி இறங்கியது. 1999இல் இதற்கென ஒரு மதிப்பெண் பட்டியலும் வந்தது: வலிக்கு 21, சிறுநீர்த் தொல்லைக்கு 10, வாழ்க்கைத் தரத்துக்கு 12, மொத்தம் 43. மதிப்பெண் ஆறு புள்ளி குறைந்தால் நோயாளி பயன்பெற்றார் என்று கொள்வது ஆய்வுகளில் வழக்கமானது.

என் கணிப்பில், இடுப்புக்குழி வலியைப் பொறுத்தவரை 1971ஐவிட 1999 பெரிய ஆண்டு. கெம்ப்ஃபரின் முதலிரு ஓட்டைகளும் அந்த ஆண்டோடு அடைபட்டன. நான்கே ஆண்டுகளில், 2003இல், கனடாவில் 12 ஆண்களை வைத்து ஒரு முன்னோட்ட ஆய்வு வெளியானது. முடிவு நம்பிக்கை தந்தது, ஆனால் ஒப்பீட்டுக் குழு கிடையாது. மூன்றாவது ஓட்டை அப்படியே இருந்தது.

அதை அடைக்க முயன்ற ஆய்வு மலேசியாவின் பினாங்கில் நடந்து 2008இல் வெளிவந்தது. 89 ஆண்கள், வாரம் இருமுறை, பத்து வாரம், இருபது அமர்வு. ஒரு சாராருக்குச் சான்யின்ஜியாவ் உள்ளிட்ட நான்கு புள்ளிகளில் ஊசி. மறுசாராருக்கு அப்புள்ளிகளிலிருந்து 15 மில்லிமீட்டர் தள்ளி, மேலோட்டமாக. முதல் சாராரில் 44 பேரில் 32 பேர் (73 விழுக்காடு) ஆறு புள்ளி அளவுக்குத் தேறினர். போலி ஊசி பெற்ற 45 பேரில் 21 பேர் (47 விழுக்காடு). சிகிச்சை முடிந்து 24 வாரம் கழித்து, வேறு மருத்துவம் இன்றி அந்தப் பயன் நிலைத்தது முறையே 32, 13 விழுக்காட்டினருக்கே.

சீனாவின் பத்து மருத்துவமனைகளில் 440 ஆண்களிடம் நடந்து 2021இல் வெளியான சோதனை இதைப் பெரிய அளவில் மறுபடி செய்துபார்த்தது. எட்டு வாரத்தில் இருபது அமர்வு. முடிவில் தேறியோர் 60.6 விழுக்காடு, போலிக் குழுவில் 36.8. ஊசியை நிறுத்தி 24 வாரம் ஆன பின்னும் 61.5க்கு 38.3. பினாங்கில் வடிந்த பயன் இங்கே வடியவில்லை. இரு ஆய்வுகளிலும் சிகிச்சை முடிந்த நேரத்து இடைவெளி ஏறத்தாழ நால்வரில் ஒருவர் என்பது கவனிக்கத்தக்கது. ஊசி குத்துபவருக்கு எது மெய், எது போலி என்று தெரியும் என்ற குறையை மட்டும் இவ்விரு ஆய்வுகளும் தாண்டவில்லை.

போலி ஊசிதான் இவ்வரலாற்றின் மிகச் சிக்கலான கண்டுபிடிப்பு. தள்ளிக் குத்தினாலும் அது தோலைத் துளைக்கிறது, நரம்பு முனையைத் தொடுகிறது. தமிழ்நாட்டில் ஊசியே இல்லாமல் விரலால் புள்ளியைத் தொடுவதுகூட அக்குபங்சர் என்ற பெயரில் நடப்பதை அறிந்தவர்களுக்கு, மேலோட்டமான ஊசியை ‘வெறுமை’ என்று கொள்வதில் உள்ள இடர் உடனே புரியும். 1998இல் ஸ்ட்ரைட்பெர்கர் அறிமுகப்படுத்திய, தோலில் இறங்காமல் கைப்பிடிக்குள் வாங்கிக்கொள்ளும் ஊசி இதற்கு ஒரு மாற்று. சுவீடனில் கர்ப்பிணிகளின் இடுப்பு வளைய வலியில் நடந்த இரு ஆய்வுகளை அருகருகே வைத்தால் ஒப்பீட்டின் வலிமை தெரியும். 2005இல் 386 பெண்களிடம் வழக்கமான சிகிச்சையோடு அக்குபங்சரைச் சேர்த்தபோது அது தெளிவாக முந்தியது. தசைப் பயிற்சியையும் விஞ்சியது. 2008இல் அதே ஆய்வுக் குழு 115 பெண்களிடம் தோலைத் துளைக்காத ஊசியோடு ஒப்பிட்டபோது, வலிக்குறைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஊசி மாறவில்லை, எதிரே நின்றதுதான் மாறியது. கர்ப்பகால வலி தானே விலகும் தன்மையது, ஆண்களின் நாள்பட்ட வலி அப்படியல்ல என்பதால் இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பதும் உண்மை.

ஆண்களிடம் ஏன் இடைவெளி நின்றது? 2021 சோதனையின் புள்ளிகளில் ஒன்று திரிக எலும்பின் மூன்றாம் துளை மேல் அமைந்தது. இடுப்புத்தளத் தசைகளுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போகும் நரம்பு வேர் வெளிவரும் வாசல் அது. சான்யின்ஜியாவுக்கு அடியில் ஓடும் பின் கணைக்கால் நரம்பின் இழைகளும் அதே திரிகப் பகுதியோடு தொடர்புடையவை. 1983இல் மெக்வயர் என்ற அமெரிக்கச் சிறுநீரகவியலாளர் சீன ஊசிப் புள்ளியிலிருந்தே குறிப்பெடுத்து அந்நரம்பின் மேல் மின்முனை வைத்துச் சிறுநீர்ப்பைத் தொல்லைக்குப் பயன்படுத்தினார். 1990களில் சான் பிரான்சிஸ்கோவின் மார்ஷல் ஸ்டோலர் அவ்விடத்தில் மெல்லூசி இறக்கி மின்னோட்டம் செலுத்தும் முறையை உருவாக்கினார். துருக்கியில் 2009இல் வெளியான ஆய்வு, மருந்துக்கு அடங்காத இடுப்புக்குழி வலியுள்ள 89 ஆண்களிடம் வாரம் ஒருமுறை வீதம் 12 வாரம் இதைச் செய்து, போலிக் குழுவைவிட வலி குறைந்ததைக் காட்டியது. ஓட்டப்பாதை, யின், சி என்ற சீன மரபுக் கருத்து எதுவும் அந்தக் கட்டுரைகளுக்குத் தேவைப்படவில்லை. நரம்பை எட்டும் ஊசி, நரம்பை எட்டாத ஆழமான ஊசி, தோலைத் துளைக்காத ஊசி என மூன்று குழுக்களை ஒரே சோதனையில் நிறுத்தி 43 புள்ளிப் பட்டியலால் அளந்தால், பயன் புள்ளியிலா நரம்பிலா என்ற வழக்கு நேரடியாக விசாரணைக்கு வரும்.