வெறுப்புப் பேச்சும் பால்புதுமையினரும்: சட்டத்தில் உள்ள இடைவெளி

2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். சட்டம், பகைமையையோ வன்முறையையோ தூண்டும் தேசிய, இன, மத வெறுப்புப் பரப்புரையைக் குற்றமாக்குகிறது. பாலீர்ப்பும் பாலின அடையாளமும் அதில் சொல்லப்படவில்லை.

தன்பாலுறவுக்கு எதிராகப் பயன்படும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகளைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என உயர் நீதிமன்றம் 2023இல் தீர்மானித்தது. ஆனாலும் அவை நீக்கப்படவில்லை. அதனால் மிரட்டப்படுபவர் பொலிஸுக்குப் போகவே அஞ்சுகிறார்.

எஞ்சுவது முகநூலுக்குச் செய்யும் முறைப்பாடு. 2025 ஜனவரியில் மெட்டா அந்த விதிகளையும் தளர்த்தியது. பாலீர்ப்பைக் காரணங்காட்டி ஒருவரை மனநோயாளி என்பதை இப்போது அனுமதிக்கிறது. வன்முறை மிரட்டலுக்குத் தடை தொடர்கிறது. முறைப்பாட்டுக்கு முன் இணைப்பு, திகதியுடன் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். பதிவு நீக்கப்பட்டால் சான்றும் போய்விடும்.

வெறுப்புப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அனுபவித்து அறிந்தவர்கள் நாங்கள். எங்கள் பிள்ளைகள்மீதே அது பாயும்போது பேசாமலிருப்பது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.