கச்சேரிக் கட்டணமும் ஆசன வரிசையும்

சங்கீத விழாக்களின் கட்டணத்தைப் பற்றித் தர்க்கிப்பவர்கள் அது அதிகமா, குறைவா என்ற ஒரே வினாவைச் சுற்றி வருகின்றனர். எனினும் ஒரு விழா நாளடைவில் எத்தகைய ரசிகர் கூட்டத்தை உண்டாக்குகிறது என்பதை நிர்ணயிப்பது, கட்டணத்தின் அளவைக் காட்டிலும், சொற்பப் பணம் கொடுத்தவனுக்கு மண்டபத்தில் எந்த இடம் வாய்க்கிறது என்பதே என்று நான் கருதுகிறேன்.

லண்டன் குவீன்ஸ் ஹாலில் 1895 ஆகஸ்டு 10ஆம் தேதி, அம்மண்டபத்தின் நிர்வாகியான ராபர்ட் நியூமன், ஹென்றி உட் என்ற இளைஞரை வாத்திய கோஷ்டிக்குத் தலைமை தாங்கச் செய்து புரொமனாட் கச்சேரிகளைத் தொடங்கியபோது, நின்று கேட்பவனுக்கு ஒரு ஷில்லிங் என்றும், பருவம் முழுவதற்கும் ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங் என்றும் விதித்தார். ஜனரஞ்சகமான உருப்படிகளில் தொடங்கி, கேட்போரின் ருசியைப் படிப்படியாக உயர்த்துவதே அவர் எண்ணம். பிற்பாடு திங்கட்கிழமை வாக்னர், வெள்ளிக்கிழமை பேத்தோவன் என்று கிழமைக்கொரு மேதையை முன்கூட்டியே அறிவிக்கும் வழக்கமும் ஏற்பட்டதால், விளம்பரம் பாடகரின் பெயரை மாத்திரம் நம்பியிருக்க வேண்டிய அவசியம் நீங்கிற்று. இவற்றினும் முக்கியமானது, அந்த மலிவான இடம் மண்டபத்தின் கடைக்கோடியில் ஒதுக்கப்படவில்லை என்பது. குவீன்ஸ் ஹால் 1941இல் குண்டுவீச்சில் அழிந்து, விழா ஆல்பர்ட் ஹாலுக்குப் பெயர்ந்த பின்னும், நின்று கேட்போர் மேடைக்கு நேரெதிரே, வாத்தியக்காரரின் முகபாவம் தெரியும் தூரத்திலேயே நிற்கின்றனர். மலிவுக்கு யாரேனும் ஈடு செய்தாக வேண்டும் என்பதும் மெய்யே: நாடகத் தொழிலில் முதலிட்டு 1902இல் நியூமன் திவாலானபின் எட்கர் ஸ்பெயர் என்ற வங்கியாளரும், 1927 முதல் பி.பி.சி.யும் அப்பாரத்தைச் சுமந்தனர்.

நம் சென்னை மார்கழி விழாவின் வரலாறு வேறு. 1927 டிசம்பரில் காங்கிரஸ் மகாசபையையொட்டி நடந்த அகில இந்திய சங்கீத மாநாட்டின் பலனாக 1928இல் சங்கீத வித்வத் சபை தோன்றியது. அரசவையும் ஆலயமும் ஆதரித்து வந்த கலையை, சந்தாதாரரும் கொடையாளரும் ஆதரிக்கும் ஏற்பாடு அதற்கு முன்பே சபாக்களில் வேரூன்றியிருந்தது. அந்த ஆதரவுக்கு நன்றி பாராட்டும் முறையில் முன்வரிசைகள் அவர்களுக்கு உரியவையாயின. அன்றாட டிக்கெட்டு வாங்குபவன் பின்னாலோ மாடியிலோ அமர்ந்து, முன்னால் வெறுமையாய்க் கிடக்கும் நாற்காலிகளின் மேலாக வித்வானைத் தரிசிக்கிறான். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சிற்றுண்டிச் சாலையை நாடும் கனவான்கள் அவ்வெறுமையை இன்னும் பெருக்குகின்றனர்.

இலவசப் பிற்பகல் கச்சேரியே இதற்குப் பரிகாரம் என்பர். இளம் வித்வான்களுக்கு மேடை கிடைப்பது உண்மை. ஆனால் பட்டியலில் பெயரும் நேரமும் பக்கவாத்தியமும் மாத்திரம் அச்சாகும் நம் வழக்கத்தில், பெயர் பிரசித்தமாகாதவனைச் சிபாரிசு செய்ய ஒன்றுமில்லை. விலையும் இல்லையென்றால், அவன் பாட்டு விலைபோகாது என்று சபையே முன்னதாகத் தீர்ப்பளித்தது போலாகும். மனோதர்மத்துக்குப் பங்கமின்றி, எடுத்துக்கொள்ளப்போகும் பிரதான ராகத்தையோ வாக்கேயக்காரரையோ அறிவிக்கலாம். அற்பமேயாயினும் ஒரு கட்டணம் விதித்து, அதனை முழுவதும் பாடுபவருக்கும் பக்கவாத்தியக்காரருக்கும் அளிக்கலாம்.

ஆசனப் பிரச்சினையும் தீராததன்று. பிரபலமானவர்களின் கச்சேரியில் கூட்டம் மிகும்போது மேடையிலேயே ரசிகர்களை அமர்த்துவதை நாம் கண்டிருக்கிறோம்; நிர்ப்பந்தத்தால் செய்வதைக் கொள்கையாகவே செய்தால் என்ன? மேடையின் அடியில் ஜமக்காளம் விரித்து, மிகக் குறைந்த கட்டணத்துக்கு அவ்விடத்தை மாணவர்க்கு ஒதுக்குவதும், வர்ணம் முடியும்வரை வந்து சேராத கொடையாளரின் ஆசனத்தைப் பின்னாலிருப்பவருக்குத் திறந்துவிடுவதும் செலவில்லாத சீர்திருத்தங்கள். சபா நிர்வாகிகள் வருகிற பருவத்தில் ஒரு வாரமேனும் இவற்றைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டும்.