பஞ்சும் பாடமும்

பள்ளிக்கூடம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன புத்தகமும் கரும்பலகையுமே. ஆசிரியர் சொல்வார், மாணவர் கேட்பர், கேட்டதைப் பிழையின்றித் திருப்பிச் சொன்னவர் தேறுவர். இம்முறைக்கு மாறாக, சிறுவர்தம் கைகளுக்கு வேலை தந்து, அவ்வேலையின் வாயிலாகவே அறிவை வளர்க்க முயன்றோர் உண்டு. அவர்கள் வரலாற்றில் இரண்டு நிகழ்ச்சிகளை இங்கே காண்போம். இரண்டிலும் மாணவர் கையில் இருந்த பொருள் ஒன்றே. அது பருத்திப் பஞ்சு.

1896ஆம் ஆண்டில், அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்து ஜான் டூயி என்னும் தத்துவப் பேராசிரியர் ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார். அங்கே பிள்ளைகளிடம் பருத்திக் காய்களும் கம்பளி மயிரும் கொடுக்கப்பட்டன. பிள்ளைகள் பருத்தியை விதையினின்று கையாலேயே பிரித்தெடுக்க முனைந்தனர். அரைமணி நேரம் உழைத்தும் அவர்களுக்குக் கிடைத்தது ஓர் அவுன்சுக்கும் குறைவான பஞ்சே! தம் முன்னோர் பருத்தியை விடுத்துக் கம்பளி ஆடையையே மிகுதியும் உடுத்தது ஏன், பஞ்சரைக்கும் பொறி வந்தபின் பருத்தித் தொழில் பெருகியது ஏன் என்பனவற்றை அப்பிள்ளைகள் அந்த அரைமணி நேரத்தில் உணர்ந்தனர். 1899இல் வெளிவந்த ‘பள்ளியும் சமுதாயமும்’ என்னும் நூலில் டூயி இதனை விவரித்துள்ளார்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1937ஆம் ஆண்டில் பல மாகாணங்களில் காங்கிரஸ் அமைச்சரவைகள் பொறுப்பேற்றன. எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி அளிக்க வேண்டும். அதற்குப் பணம் இல்லை. கல்விக்குச் செலவிடப்பட்ட பணத்திலும் ஒரு பகுதி மதுவின் மீது விதித்த வரியிலிருந்து வந்தது. மதுவிலக்கோ காங்கிரசின் கொள்கை. இந்த இக்கட்டிலே காந்தியடிகள் ஒரு வழியை எடுத்துரைத்தார். ஒரு கைத்தொழிலை நடுவாக வைத்து எல்லாப் பாடங்களையும் கற்பிக்கலாம். பிள்ளைகள் செய்யும் பொருள்களைக் கொண்டு பள்ளிச் செலவையும் ஈடுசெய்யலாம் என்பது அவர் கருத்து. அவ்வாண்டு அக்டோபர் 22, 23ஆம் நாள்களில் வார்தாவில் கூடிய கல்வி மாநாடு இதனை ஆராய்ந்தது. பாடத்திட்டம் வகுக்க டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. தமிழராகிய பொருளியலறிஞர் ஜே. சி. குமரப்பாவும், யாழ்ப்பாணத்துத் தமிழர் ஆரியநாயகமும் அதில் பணியாற்றினர். 1938இல் ஹரிபுரா காங்கிரஸ் இத்திட்டத்தை ஏற்றது. இதுவே தமிழில் ஆதாரக் கல்வி என வழங்கப்பெற்றது.

இத்திட்டத்தின்படி ஏழு முதல் பதினான்கு வயது வரை தாய்மொழியிலேயே கல்வி. நாளொன்றுக்கு ஐந்தரை மணி நேரப் பள்ளியில், 3 மணி 20 நிமிடம் கைத்தொழிலுக்கு உரியது. இவ்வளவு நேரமா என்று நீங்கள் வியக்கலாம். ஆனால் அந்நேரம் வெறும் நூற்பிற்காக மட்டும் அன்று. ஒரு சிறுவன் தக்ளியைச் சுழற்றி நூற்கின்றான். சுற்று ஒன்று நான்கு அடியாயின், 160 சுற்றுக்கு எத்தனை அடி? இது கணக்கு. கரிசல் மண்ணில் பருத்தி செழிப்பது ஏன்? இது நிலநூல். தக்ளியின் வட்டு ஒருபுறம் கனத்தால் அது தள்ளாடுவது ஏன்? இது அறிவியல். இந்நாட்டுப் பருத்தி லங்காஷயருக்குச் சென்று துணியாக மீண்டதால் நம் நெசவாளர் நலிந்தது எவ்வாறு? இது வரலாறு. நூல் ஒன்று, அதில் கோக்கப்பட்ட பாடங்கள் பல.

ஆயினும் இங்கே ஓர் இடர் உண்டு. மேற்கண்ட வினாக்களை எடுத்துவிட்டால் எஞ்சுவது என்ன? ஒரு குழந்தையும் அதன் உழைப்புமே! பிள்ளைகளின் உழைப்பால் பள்ளிச் செலவை ஈடுசெய்வது அவர்களைக் கூலியாட்கள் ஆக்கிவிடாதா என்று அக்காலத்திலேயே கண்டனம் எழுந்தது. ஜாகிர் உசேன் குழுவும் இதனை உணர்ந்திருந்தது. பொருளாதாரப் பயனையே பெரிதாகக் கருதி, பிள்ளைகளிடம் வேலை வாங்குவதிலேயே ஆசிரியர் முனைந்துவிடக் கூடும் என்று தன் அறிக்கையிலேயே அது எச்சரித்தது.

அந்த எச்சரிக்கை பொய்க்கவில்லை. பயிற்சி குறைந்த பள்ளிகளில் நூற்பு தனியாகவும், பாடம் தனியாகவும் நடந்தன. நகரத்துச் செல்வர்தம் பிள்ளைகள் புத்தகம் படிக்க, சிற்றூர்ப் பிள்ளைகள் தக்ளி சுற்றுவதா என்று பெற்றோர் ஐயுற்றனர். அந்த ஐயம் காரணமற்றதன்று. 1953இல் சென்னை மாநிலத்தில் ராஜாஜியின் அரசு வேறொரு திட்டத்தைக் கொணர்ந்தது. சிற்றூர்த் தொடக்கப்பள்ளிகளில் நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்றது அது. தொழில் பிறப்பைத் தொடர்ந்து வந்த நாட்டில் இதன் பொருள் யாது? சலவைத் தொழிலாளியின் மகன் துறைக்கும், குயவரின் மகன் சக்கரத்திற்கும் மீள வேண்டும் என்பதே. ‘குலக்கல்வி’ எனப் பெரியாரும் பிறரும் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். 1954இல் காமராசர் முதலமைச்சரானபின் அது கைவிடப்பட்டது.

வார்தாத் திட்டமும் இதுவும் ஒன்றல்ல. முன்னது பள்ளிக்குள், ஆசிரியரின் துணையோடு, தொழிலை அறிவுக்கு வாயிலாக்க முயன்றது. பின்னது பிள்ளையைப் பள்ளிக்கு வெளியே அனுப்பியது. ஆயினும் மக்கள் மனத்தில் இரண்டும் கலந்தன. கைவேலை என்றாலே கல்வியைக் குறைக்கும் சூழ்ச்சியோ என்னும் அச்சம் நின்றது. பின்னர், 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, பணி அனுபவம் எல்லா நிலைக் கல்விக்கும் உரியதாக வேண்டும் எனப் பரிந்துரைத்தது. ‘எல்லா’ என்னும் சொல்லே இங்குக் கருதத்தக்கது.

மாணவ நண்பர்களே! உங்களில் பலர் நாளை ஆசிரியர் ஆகக்கூடும். அன்று உங்கள் வகுப்பில் பிள்ளைகள் களிமண்ணால் மலை செய்யலாம். அவரை விதையை ஊன்றி நாள்தோறும் அளக்கலாம். அப்போது இரண்டு கேள்விகளை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். இவ்வேலை இக்குழந்தையின் மனத்தில் ஒரு ‘ஏன்’ என்பதை எழுப்புகின்றதா? இதே வேலையை ஊரிலுள்ள எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் செய்கின்றனரா? இரண்டிற்கும் ஆம் என்று விடை கூற முடியுமாயின், அப்பிள்ளைகள் கையால் செய்வது கல்வியே என்று நீங்கள் துணிந்து கூறலாம்.